தரைவீட்டுப் பின்கட்டில் மூன்று கோழி: சிங்கப்பூர் வெக்கைக்கு எந்த இனம் ஒத்துவரும்?

சிலேத்தார் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அடுக்குமாடி புளோக் வீட்டை விட்டு மாமனாரின் தரைவீட்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வரிசைவீடு. பின்னால் துணி காயப்போடும் இடத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு துண்டு இடம் இருக்கு. பாதி சிமெண்ட், பாதி மண், ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு முருங்கை. அங்கே மூன்று கோழி வளர்க்கலாம் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். எந்தக் கோழி என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

மகளுக்கு ஏழு வயது. கால் நகம் வரைக்கும் இறகு மூடிய பிரம்மா கோழியை வீடியோவில் பார்த்துவிட்டு, வாங்கினால் அதுதான் என்கிறாள். மனைவிக்குப் புசுபுசுவென்று இருக்கும் சில்கி. மாமனாருக்கு விடியற்காலையில் ஒரு சேவல் கூவ வேண்டும். எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். எங்க பக்கம் கோழி என்றால் கொட்டகை கொட்டகையாகக் கூண்டில் நிற்கும் வெள்ளைக்கோழியும் முட்டை லாரியும்தான். பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஓடி வரும் கோழியோடு எனக்குப் பழக்கமே கிடையாது.

முட்டை எங்களுக்கு இரண்டாம்பட்சம். பிள்ளை பயமில்லாமல் தூக்கணும், அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது, இந்த ஊர் வெக்கையில் அது சுகமா இருக்கணும். வளர்த்தவங்க சொல்லுங்க.

பாசிர் ரிஸ் நடையர்:

முதலில் விதிமுறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழிக்கு அனுமதி இல்லை. தரைவீட்டில் சொந்த விருப்பத்துக்காக 10 வரை வளர்க்கலாம், வியாபாரத்துக்கு அல்ல. காகம், புறா, மைனா எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி மேலேயும் பக்கவாட்டிலும் மூடிய கூண்டு இருக்கணும். பறவைக் காய்ச்சல் காட்டுப் பறவைகள் மூலமாகப் பரவும் என்பதுதான் காரணம். 2019-லிருந்து இதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு கவனிக்குது. கூண்டுக்கு ஆளைக் கூப்பிடும் முன்னால் அவங்க இணையத்தளத்தில் இப்போதைய நிபந்தனைகளைப் படிச்சிடுங்க.

இங்கே பூங்காவில் குஞ்சுகளோடு திரியும் கோழிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றைப் பிடிச்சிட்டுப் போகலாமான்னு கேட்கிறவங்க உண்டு. வேண்டவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். உபின் தீவிலும் மேற்குப் பக்கக் காடுகளிலும் இருப்பது செங்காட்டுக்கோழி, உலகத்து வீட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதை. சாம்பல் நிறக் கால், காதோரம் வெள்ளைத் திட்டு, வாலடியில் வெள்ளை. துரத்தினால் மரத்துக்கே பறந்திடும். நகருக்குள் திரிவதில் பலது அதன் கலப்பு. அவை அங்கேயே இருக்கட்டும்.

சேவலைப் பற்றி மாமனாரிடம் நீங்கதான் பக்குவமா பேசணும். 2017-ல் சின் மிங் அவென்யூ பக்கம் சுற்றித் திரிந்த கோழிகளைப் பற்றி ஏறத்தாழ 20 புகார் போனது. 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றார்கள். ஊரே கொதிச்சுப் போய்ப் பேசிச்சு. ஆனால் கோழிகள் போனது போனதுதான். வரிசைவீட்டில் நடுச்சுவர் ஒன்றுதான். பெட்டையோடு நிறுத்திக்குங்க.

கம்பத்துப் பொண்ணு:

தம்பி, நான் சிராங்கூன் கார்டன் பக்கம் வரிசைவீட்டில்தான் கோழி வளர்க்கிறேன். சின்ன வயசில் நேவல் பேஸ் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், எங்க வீட்டு முற்றத்தில் கோழி, வாத்து எல்லாம் திரியும், அம்மா பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்ப்பாங்க. இப்போ என் பின்கட்டில் மொட்டைக்கழுத்துக் கோழி ஒன்று, சில்கி ஒன்று, கம்பத்துக் கோழி இரண்டு. நாலும் பெட்டை.

இனம் தேடுறவங்க எல்லாரும் படத்தைப் பார்த்துத் தேடுறாங்க. நீங்க பிற்பகல் மூணு மணியை நினைச்சுத் தேடுங்க. கோழிக்கு வேர்வை கிடையாது. உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம். கொண்டை, தாடி, மூச்சு, பெரும்பாலும் இந்த மூன்று வழியாகத்தான் அது சூட்டை இறக்கணும். நம்ம ஊரில் 32, 33 டிகிரி வெயிலோடு காற்றிலேயே ஈரம் நிறைஞ்சு நிற்பதால், வாயைத் திறந்து எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு சட்டுன்னு இறங்காது. நாள் கணக்கில் அப்படி இரைக்கும் கோழியின் முட்டை ஓடு மெலிஞ்சு போகும். மூச்சோடு கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிப் போவதால் ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து சரியா சேராது. முட்டையைத் தொட்டதும் நசுங்குதுன்னா தீவனத்தை மாற்றும் முன்னால் நிழலைப் பாருங்க.

அதனால் பிரம்மா வேண்டாம். மகள் அழுதாலும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஷாங்காயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் போன பெருங்கோழிகளை வைத்து அங்கே உருவாக்கிய இனம் அது. நாலு கிலோவுக்கு மேல் உடம்பு, அதன் மேல் அடர்ந்த இறகு, காலிலும் இறகு. பனி விழும் ஊரில் அதைவிட அழகான, சாதுவான கோழி கிடையாது. இங்கே பாவம், காலையில் பத்து மணிக்கே இறக்கையை விரிச்சுக்கிட்டு வாயைப் பிளந்து நிற்கும். மழைக்காலத்தில் கால் இறகில் சேறு ஒட்டி, காய்ந்து, விரலிடுக்கு புண்ணாகும். ஆர்ப்பிங்டன், கொச்சின் என்று வேறு பெரிய இனங்களை யாராவது சொன்னாலும் இதே கதைதான்.

சில்கி உங்க மனைவி ஆசைப்படுவது நியாயம். மடியில் வைத்துக்கொள்ள அதற்கு இணை இல்லை. தோல் கறுப்பு, எலும்பும் கறுப்பு, காலில் நாலு விரலுக்குப் பதில் ஐந்து. பூனை ரோமம் உள்ள கோழியைச் சீனத்தில் கண்டதாக 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொல்லியிருக்கார், அது இதுதான் என்பாங்க. ஆனால் அந்த ரோமத்தில்தான் விஷயமே இருக்கு. மற்றக் கோழியின் இறகில் இழையும் இழையும் கொக்கி போட்டு மாட்டிக்கிட்டிருக்கும், தண்ணீர் வழிஞ்சு ஓடிடும். சில்கிக்கு அந்தக் கொக்கி இல்லை. நனைந்தால் தோல் வரைக்கும் நனையும். டிசம்பரில் நாள் முழுக்க ஊற்றும்போது என் சில்கி வெள்ளச்சி கூரைக்கு அடியிலேதான் இருக்கணும். ஒரு தடவை சாரலில் நனைஞ்சிட்டா துண்டால் துடைச்சு, மின்விசிறி முன்னால் வைத்து, விரலால் கோதிக் கோதிக் காயவைக்கணும். இந்தப் பாடு படத் தயார்னா வாங்குங்க. அது பறக்காது, பரணில் ஏறாது, தரையோடு சுருண்டு தூங்கும். எனவே கூண்டுத் தரை காய்ந்தே இருக்கணும். கண்ணை மறைக்கும் கொண்டை இறகைக் கொஞ்சம் கத்தரிச்சு விடுங்க, இல்லாட்டி தட்டிலே இருக்கும் தீனியே அதற்குத் தெரியாது.

நான் மனசாரச் சொல்வது மொட்டைக்கழுத்துக் கோழி. எல்லாரும் முதலில் பார்த்ததும் "ஐயோ, இதற்கு என்ன நோய்?" என்பாங்க. ஒன்றுமில்லை, பிறவியே அப்படி. கழுத்தில் இறகு இல்லாமல் செய்யும் அந்த மரபணு உடம்பு முழுக்கவே இறகை 20 முதல் 40 விழுக்காடு வரை குறைச்சிடும். சூடு வெளியேற வேறென்ன வேணும்? வெப்பநாடுகளில் ஆய்வு செய்து பார்த்தவங்களும் மற்றக் கோழி துவளும் வெயிலில் இது தீனி எடுத்து, முட்டை விட்டு, நல்லா இருப்பதாகத்தான் எழுதியிருக்காங்க.

என் மொட்டைக்கழுத்துக் கோழியின் பெயர் செல்லம்மா. நிழலில் இருக்கும்போது கழுத்து வெளிர் ரோஜா நிறம், வெயிலில் வந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் குங்குமச் சிவப்பு. கறிவேப்பிலை மரத்தடியில் அவளே தோண்டின குழி ஒன்று இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் அதில் இறங்கி ஒருக்களித்துப் படுத்து, காலால் மண்ணை வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டு, இறகுக்குள் மண் இறங்கும்படி உடம்பைக் குலுக்குவாள். பேன் சேராமல் இருக்க அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. அப்புறம் எழுந்து ஒரு உதறு உதறினால் என் புடவை முழுக்க மண். நான் முக்காலியில் உட்கார்ந்தால் தானாக வந்து முட்டிமேல் ஏறுவாள். தாடைக்குக் கீழே விரலால் தடவினால் கீழ் இமை மெதுவா மேலே ஏறிக் கண்ணை மூடும். கோழி நம்மைப் போல் மேல் இமையை இறக்கி மூடாது தம்பி, கீழிருந்துதான் மூடும். அதை உங்க மகளுக்குக் காட்டுங்க, பிரம்மாவை மறந்திடுவாள்.

கம்பத்துக் கோழி இரண்டும் கெட்டிக்காரிகள். உடம்போடு ஒட்டின இறகு, சின்ன உடம்பு, வெயில் மழை எதுவும் பெரிசா தெரியாது. தமிழ்நாட்டில் சிறுவிடை என்பீங்களே, அந்த வாகு. ஆனால் மடிக்கு வராது. கையிலிருந்து வாங்கித் தின்னும், அதோடு சரி. பிள்ளை தூக்கணும் என்பதுதான் முக்கியம்னா மூன்றில் ஒன்று மட்டும் இது இருக்கட்டும். அதுதான் மற்ற இரண்டுக்கும் காவல். காகம் நிழல் விழுந்தாலே குரல் கொடுக்கும்.

பண்ணை முட்டைக்கான செந்நிறக் கலப்புக் கோழியையும் சிலர் சொல்வாங்க. வருஷத்துக்கு 300 முட்டை என்பது உண்மைதான், ஆனால் அவ்வளவு வேகமா முட்டை விடும்படி உருவாக்கிய உடம்பு சீக்கிரம் ஓய்ந்திடும், கருப்பைக் கோளாறும் அதிகம் வரும். பிள்ளை பாசம் வைக்கப்போகும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

குஞ்சா வாங்காதீங்க. ஐந்து மாதம் ஆனபிறகு பாதி கூவ ஆரம்பிக்கும், சில்கியில் அதுவரைக்கும் ஆணா பெண்ணான்னு வளர்த்தவங்களுக்கே தெரியாது. முட்டை விடும் பருவத்து விடைக்கோழியா, மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குங்க. ஒன்று மட்டும் பிறகு வந்தால் மற்ற இரண்டும் கொத்தி விரட்டும்.

கூண்டுக்குச் செலவு பண்ணத் தயங்காதீங்க. கடையில் கோழிவலைன்னு தரும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான். எலி அதைக் கடிச்சிடும். மலைப்பாம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மலைப்பாம்பு சின்ன ஓட்டையில் நுழைஞ்சு கோழியை விழுங்கிட்டு, வயிறு வீங்கி அதே ஓட்டையில் வெளியேற முடியாமல் காலையில் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பிவலை போடுங்க. தரையோரம் ஓர் அடி வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதைங்க. கதவுக்குக் கொண்டி மட்டும் போதாது, பூட்டு வேணும். எங்க பக்கம் உடும்பும் வரும். சிக்லாப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் புனுகுப்பூனையும் உண்டு. எதையும் அடிக்கக் கூடாது, அடிக்கவும் வேண்டாம். வழியை அடைச்சிட்டா அவை வேறு பக்கம் போயிடும்.

ஜொகூர் பாரு அங்கிள்:

ஆன்ட்டி சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு கோழியை விட்டுட்டாங்க. செராமா! எங்க மலேசியக் கோழி, கிளந்தானில் பிறந்தது, உலகத்திலேயே சின்ன இனம். சேவலே அரைக் கிலோ எட்டாது. நெஞ்சை முன்னால் தள்ளி, வாலை நேரா மேலே நிறுத்தி, இறக்கையைத் தரையைப் பார்த்துக் குத்தி நிற்கும் நிற்பைப் பார்த்தால் வேறு கோழி பிடிக்காது. மேசை மேலே நடக்கவிட்டு அழகுப் போட்டி வைப்பாங்க. நம்ம வெக்கையில் பிறந்து வளர்ந்த இனம், அதனால் சூட்டுக்குக் கவலையே வேண்டாம். இடமும் கொஞ்சம் போதும், தீனியும் ஒரு கைப்பிடி. முட்டை நாலைந்து சேர்த்தால் ஒரு கடை முட்டை.

ஏழு வயசுப் பிள்ளை ஒரு கையில் தூக்கலாம். ஆனா இறுக்கிப் பிடிச்சிடாமல் பக்கத்தில் பெரியவங்க இருக்கணும். பெரிய கோழியோடு ஒரே கூண்டில் விடாதீங்க, மூன்று என்றால் மூன்றும் செராமாவா இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே மலிவா கிடைக்குதுன்னு பாலத்தைத் தாண்டிக் காரில் எடுத்துட்டுப் போயிடலாம்னு நினைக்காதீங்க. இறக்குமதி அனுமதி இல்லாமல் உயிர்ப்பறவை கொண்டுபோவது அங்கே குற்றம். சிங்கப்பூரிலேயே முறையா வளர்க்கிறவங்களைத் தேடிக் கேளுங்க.

சிலேத்தார் வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆன்ட்டி எழுதினதை வீட்டில் உரக்கப் படிச்சேன். மொட்டைக்கழுத்துக் கோழியின் படத்தைப் பார்த்து மகள் முதலில் முகத்தைச் சுளிச்சாள், இப்போ கழுத்து நிறம் மாறுமா என்று நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள். மொட்டைக்கழுத்து ஒன்று, சில்கி ஒன்று, கம்பத்துக் கோழி ஒன்று என்று பேசி முடிச்சாச்சு. மாமனாருக்கு மட்டும் இன்னும் மனக்குறை. கிளிமூக்கு விசிறிவால் சேவல் ஒன்றாவது என்கிறார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கோழி முட்டை விடுவதை நிறுத்தினபிறகு என்ன செய்வீங்க? இரண்டு, நாங்க தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது?

கம்பத்துப் பொண்ணு:

கிளிமூக்குச் சேவலின் அழகை நான் குறை சொல்ல மாட்டேன். ஐயா ஆசைப்படுவது எனக்குப் புரியுது. ஆனால் அது அசில் என்ற சண்டைக்கோழி வம்சம். தன் எல்லைக்குள் இன்னொரு சேவல் குரல் கேட்டாலே நிலைகொள்ளாது, நல்லா நடமாட இடம் வேணும், குரலும் பெரிசு. அகலம் குறைந்த பின்கட்டில் அதை அடைச்சு வைப்பது அதற்குத்தான் தண்டனை. ஐயாவிடம் கூண்டுப் பொறுப்பை முழுசா ஒப்படைங்க. காலையில் திறந்துவிடுவதும் சாயங்காலம் எண்ணிப் பூட்டுவதும் அவர் வேலைன்னு ஆனபிறகு மனக்குறை நிற்காது.

முட்டை விஷயத்தை முதலிலேயே கேட்டது நல்லது, பல பேர் கேட்பதே இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முட்டை குறையும். கோழி ஏழெட்டு வருஷம் உயிரோடு இருக்கும். எங்க வீட்டில் முட்டை நின்ற கோழி சாகும்வரை எங்களோடுதான். நீங்க வேறு முடிவு எடுத்தாலும் நான் குற்றம் சொல்லப் போவதில்லை, கம்பத்தில் அம்மா குழம்புதான் வைப்பாங்க. ஆனால் பெயர் வைக்கும் முன்னால் முடிவு பண்ணுங்க, மகளுக்கும் தெரிஞ்சே இருக்கட்டும். பெயர் வைத்தபிறகு குழம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நடுவில் முட்டை நின்றால் பயப்படாதீங்க. வெளிநாட்டுப் புத்தகங்களில் குளிர்காலத்தில் முட்டை நிற்கும், இலையுதிர் காலத்தில் இறகு உதிரும்னு போட்டிருக்கும். நம்ம ஊரில் வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான், அதனால் அந்தக் கணக்கெல்லாம் இங்கே பொருந்தாது. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு மாதத்தில் இறகு உதிர்க்கும், அப்போ முட்டை இருக்காது. சில்கி அடிக்கடி அடைக்கு உட்காரும். சேவல் இல்லாத வீட்டில் அந்த முட்டை பொரியவே போவதில்லை, ஆனாலும் தீனி தண்ணி மறந்து கிடந்து இளைச்சிடும். அடை தெளிய வைக்க ஊரில் தண்ணியில் முக்குவாங்க. அது வேண்டாம். அடியில் காற்று போகும்படி கம்பித்தரை உள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனி தண்ணியோடு இரண்டு மூன்று நாள் விடுங்க. வயிற்றுச் சூடு தணிஞ்சு தானா எழுந்திடும்.

ஊருக்குப் போகும்போது அடுத்த வீட்டுக்காரரைத்தான் கேட்கணும். அவருக்கு இப்போதிலிருந்தே வாரம் நாலு முட்டை கொடுங்க, பணம் வாங்காமல். எங்க அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி அப்படித்தான் வெள்ளச்சிக்குத் தோழியானாங்க. இப்போ நான் இல்லாத நாளில் அவங்க பேரனும் சேர்ந்து வந்து கதவைத் திறந்துவிட்டு, தண்ணி மாற்றி, எண்ணிப் பார்த்துப் பூட்டிட்டுப் போவாங்க. வாடை வந்தால் அவங்கதான் முதலில் சொல்வாங்க என்பதால் எச்சத்தைத் தினமும் அள்ளிடுவேன். மரத்தூளும் காய்ந்த இலையும் கலந்து மக்க வைத்தால் உங்க முருங்கைக்கே ஆகும். பச்சையா வேரில் போட்டால் சூடு தாங்காது.

பறவைகளைப் பார்க்கும் மருத்துவமனை எதுன்னு கோழி வருமுன்பே விசாரிச்சு வைங்க. நாய் பூனை பார்க்கும் எல்லா இடத்திலும் கோழியைப் பார்க்க மாட்டாங்க. கோழி நோயைக் கடைசிவரை மறைக்கும். கொண்டை வெளுத்து, வால் தாழ்ந்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றால் அன்றைக்கே தூக்கிட்டுப் போங்க. வாரம் ஒரு நாள் ராத்திரி, அது பரணில் அசையாமல் இருக்கும்போது டார்ச் அடிச்சு வாலடி இறகைப் பிரிச்சுப் பாருங்க. பேன் முட்டை இறகின் அடித்தண்டில் வெள்ளையா கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கும்.

மகளுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரம் துரத்திப் பிடிக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, உடைச்ச சோளத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டட்டும், கம்பத்துக் கோழிதான் முதலில் வரும். தூக்கும்போது இரண்டு இறக்கையையும் உடம்போடு அணைத்து, அடியில் காலைத் தாங்கிப் பிடிக்கணும். முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச வேண்டாம், வயிற்றுப்போக்குக் கிருமி உண்டு. விளையாடி முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கூண்டு கட்டும் ஆள் வந்து அளவெடுத்ததும் நீள அகலத்தை இங்கே போடுங்க, பரண் எந்த உயரத்தில், முட்டைப்பெட்டி எந்த மூலையில்னு பார்த்துச் சொல்றேன்.